இதை மட்டும் விட்டுடாதீங்க

அண்ணன் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அடங்கும். வீட்டில் சாப்பிடும்போது மேஜையே ஆடும். "பிரேக்கைப் போடுங்க," என்பார் அண்ணி.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் ஆட்டம் கூடியது. கண் பரிசோதனையில் தவறினால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்கள். ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் பிடிக்காது. அந்தப் பயத்தில், டாக்டர் தந்த மாத்திரை போதாதென்று, டெப்போவில் யாரோ சொன்னதைக் கேட்டு வெண்டைக்காயைப் பிடித்துக்கொண்டார். நறுக்கி ஊறவைத்து, விடிந்ததும் அந்த வழவழப்புத் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். கடையில் ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துப் பார்ப்பார்.

"எல்லாத்தையும் ஒடிச்சுட்டா நான் யாருக்குய்யா விக்கிறது?" என்று காய்க்காரம்மா கத்துவார்.

"முத்தினதை எல்லாம் என் தலையில கட்டப் பாக்குறீங்களே!"

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்ப் பெருமையாக மேஜைமேல் வைத்தார். சர்க்கரை குறைந்திருந்தது. டாக்டர் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, "இதை மட்டும் விட்டுடாதீங்க," என்றார். அண்ணனின் கண்ணோ பாட்டில்மேல் இருந்தது. இதை மட்டும் விடக்கூடாது என்றால் மற்றதை விடலாம் என்றுதானே அர்த்தம்? மாத்திரை அன்றோடு நின்றது.

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு மதியம் எதிரே வந்த பஸ்ஸின் போர்டு எழுத்துகள் கரைந்து ஓடின. அண்ணன் உடனே வண்டியை ஓரங்கட்டினார். கண்டக்டர் ஓடிவந்தார்.

"என்னண்ணே, வண்டி மக்கரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் மக்கர்."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வெண்டைக்காய் நல்லதுதாங்க. அதுல இருக்கிற நார்ச்சத்து, சர்க்கரை சட்டுனு ரத்தத்துல ஏறாம பார்த்துக்கும். அதுக்காக மாத்திரையோட வேலையை அது செய்யுமா? கொஞ்சமா எண்ணெய் விட்டு வதக்கிச் சாப்பிடுங்க. மாத்திரையையும் போடுங்க."

கண் தெளியும்வரை அண்ணனை டெப்போ வாசலில் உட்காரவைத்தார்கள். அடுத்தவர்கள் ஓட்டிக்கொண்டு போகும் பஸ்களைப் பார்த்தபடி, காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகப் பரிசோதனையில் தேறி வண்டி ஏறியவர், ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை. மாத்திரையை விழுங்கும்போதெல்லாம், "இதை மட்டும்," என்று தனக்கே சொல்லிக்கொள்வார்.

அவர் போய்விட்டார். நேற்று அண்ணி எனக்கு வெண்டைக்காய் வதக்கிப் போட்டார். மேஜை ஆடாமல் நின்றது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எப்போது என் கால் ஆடத் தொடங்கியதோ தெரியாது.

"பிரேக்கைப் போடு," என்றார் அண்ணி.