ராணிக் கோட்டைப் பந்தயம்

காணும் பொங்கலன்று செஞ்சியில் ஒருவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மற்ற அத்தனை பேரும் கோட்டையில்தான் இருப்பார்கள். வல்லத்திலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் டிராக்டர் டிராக்டராக ஜனம் வந்து இறங்கும். பலூன், விசில், மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிப்பிஞ்சு என்று அடிவாரம் அமர்க்களப்படும். எங்களுக்கு அது வருஷம் முழுக்க மொட்டைமாடியிலிருந்து தெரிகிற மலைதான். ஆனாலும் அன்றைக்கு மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக முளைத்த மலையைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி குட்டியானை என்கிற மினி லாரி பேசி, புளிசோறு, தயிர்சோறு, ஒரு தூக்கு நிறைய வடை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்புவோம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சித்தப்பா ஒரு பந்தயம் கட்டினார். சும்மா இருக்கப் பிடிக்காத மனுஷன் அவர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ராஜா கோட்டை, அந்தப் பக்கம் ராணிக் கோட்டை. ஆம்பிளைகள் ராஜா கோட்டையில் ஏற வேண்டும், பொம்பிளைகள் ராணிக் கோட்டையில். ராஜா கோட்டை ரொம்ப உயரம் என்பதால், அவர்கள் கிளம்பி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நாங்கள் ஏறலாம். உச்சியில் நின்று முதலில் துணியை ஆட்டுகிறவர்கள் ஜெயித்தவர்கள். துணி ஆடியதும் இரண்டு கோஷ்டியும் இறங்கி வந்து சாப்பிட வேண்டும். ஜெயித்த கோஷ்டியில் சின்னவருக்கு வீடு திரும்பும்போது டிரைவர் பக்கத்துச் சீட்டு.

அடேயப்பா, அந்தச் சீட்டு! அதுவரை என் பிறவியில் வண்டியின் பின்னால் பாத்திரங்களோடு பாத்திரமாகத்தான் நான் போயிருக்கிறேன். எங்கள் கோஷ்டியில் சின்னவள் நான்தான். அவர்கள் பக்கம் பெரியப்பா மகன். 'எனக்குத்தான்டி' என்று காலையிலிருந்தே அவன் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தான்.

அத்தை, சித்தி, நான். இதுதான் எங்கள் கோஷ்டி. அம்மா கணக்கில் இல்லை. சோற்றைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவது அம்மாவின் வேலை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அப்படித்தான். கையில் ஒரு புளியங்கம்போடு மரத்தடியில் உட்கார்ந்து அம்மா ஓர் அதட்டல் போட்டால் கிழட்டுக் குரங்குகூடக் கிளைக்குத் திரும்பிவிடும். ஆனால் அன்றைக்கு வண்டியிலிருந்து குதித்த அத்தைக்குக் கால் பிசகிவிட்டது. ஆம்பிளைகள் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டார்கள். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அத்தைதான் சொன்னாள். "கம்ப இப்டி குடு. நா பாத்துக்கறேன். நீ ஏறிட்டு வா அண்ணி."

"நானா?" என்றாள் அம்மா. சோற்றையும் பார்த்தாள், மலையையும் பார்த்தாள். பிறகு கம்பை அத்தை கையில் கொடுத்துவிட்டு, புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

எனக்கு நம்பிக்கையே இல்லை. பாதிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள், சீட்டு போச்சு என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தது சித்திதான். "என்னால முடியாதுடி யம்மா" என்று ஒரு பாறை நிழலில் சாய்ந்துவிட்டாள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். நான் பின்னால் ஓடினேன். "மேல இன்னாடி இருக்குது?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள். அம்மா இதுவரை ஏறியதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, சீக்கிரம் நட என்றேன்.

உச்சிக்கு வந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. எதிரே ராஜா கோட்டையைப் பார்த்தேன். கடைசிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜனம் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆம்பிளைகள் ஆட்டக் கொண்டுபோன மஞ்சள் பெட்ஷீட்டை உச்சியில் காணோம். ஜெயித்துவிட்டோம்! போகிக்கு எரிக்காமல் எடுத்துவைத்த சிவப்புப் புடவையைப் பையிலிருந்து உருவிக்கொண்டு மதில் பக்கம் ஓடினேன்.

அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அம்மா, ஆட்டும்மா! நாமதான் ஃபர்ஸ்ட்டு!"

"இருடி. இத ஆட்டுனா ஒடனே கீழ எறங்கணும்."

சொல்லிவிட்டு, புடவையை நாலாக மடித்து மண்டபத்துத் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்! நான் இழுத்தேன், கிள்ளினேன், தரையில் புரண்டேன். அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு பக்கமும் சுற்றி வந்தாள். "அடியே, அதோ பஸ் ஸ்டாண்டு! அங்க பாரு, நம்ம தெரு! நம்ம வீடு எம்மாந்தூண்டு இருக்குது பாரேன்" என்று தனக்குத்தானே சிரித்தாள். அடித்த காற்றில் கொண்டை அவிழ்ந்தது, முடிந்துகொள்ளவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் பார்க்கிற பஸ் ஸ்டாண்டில் அப்படி என்ன இருக்கிறது?

அரைமணி நேரமாவது ஆகியிருக்கும். எதிர் உச்சியில் மஞ்சள் பெட்ஷீட் ஆடியது. அது நைனா கோஷ்டி; அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா பெருமூச்சு விட்டு, புடவையை உதறி என்னிடம் நீட்டினாள். "இந்தா, இப்ப ஆட்டு." நான் ஆட்டவில்லை. கீழே வரைக்கும் அவள் கையைப் பிடிக்காமல் இறங்கினேன்.

மரத்தடியில் பெரிய கூத்து. அத்தை கம்பை ஓங்குவதற்குள் குரங்குகள் வடைத் தூக்கைக் கவிழ்த்துவிட்டன. ஒரு வடைகூட மிச்சமில்லை. நாங்கதான் முதல்ல ஏறினோம் என்று நான் கத்தியதை யாரும் நம்பவில்லை. அம்மாவும் இலை போட்டபடி, "இப்பத்தான் போய்ச் சேந்தோம்" என்று கூசாமல் சொன்னாள்.

நைனா சிரித்தார். "இதுக்குத்தான் உன்ன கீழ இருக்கச் சொல்றது. உன்ன மாதிரி கொரங்க அடக்க இந்த ஊர்ல ஆளு இருக்குதா?"

சித்தப்பா விடவில்லை. "அதெல்லாம் இல்ல. வர்ற வருசமும் அண்ணி ஏறட்டும். வேணும்னா நா கீழ இருந்து சோறு பாக்கறேன்."

அம்மா கரண்டியோடு நிமிர்ந்தாள். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள்.

"வேணாம்!" என்று நான் அலறினேன். "அம்மா வந்தா நா வரமாட்டேன். அம்மா கீழயே இருக்கட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, கீழயே இருக்கறேன்" என்று சொல்லி, என் இலையில் இன்னொரு கரண்டி புளிசோறு வைத்தாள்.

மறுவருஷம் அத்தையும் சித்தியும் நானும் ஏறினோம். புடவையை நானே ஆட்டினேன். சீட்டும் கிடைத்தது. கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு, டிரைவரே நான்தான் என்பது போல ஊருக்குள் வந்தேன். அன்று ஒரு வடைகூடக் குறையவில்லை. வண்டியின் பின்னால் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்த அம்மா, ராணிக் கோட்டை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தாளாம். வீட்டில் இறங்கியதும் அத்தை சொன்னாள். கரண்டியைக் கிரண்டியை மறந்து வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.