எட்டு குதி

பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது, பயிற்சி நிலையத்துப் பெண் சொன்ன தொகையை முழுக் கோர்ஸுக்கும் சேர்த்து என்றுதான் நினைத்தேன். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டினால் கட்டிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள், "அது ஒரு ஜம்புக்கு மேடம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பணத்தில் என்னுடைய ஒரு செமஸ்டர் ஹாஸ்டல், மெஸ் எல்லாம் முடிந்துவிடும். அப்படி எட்டு முறை குதித்தால்தான் ஆள் துணையில்லாமல் தனியே குதிக்க விடுவார்களாம்.

அப்போது நான் வெளிமாநிலத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். ஊர் பாகூர் பக்கம். கரும்பும் நெல்லும் போடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டால், சொல்லச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பெண்களோடு சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். என் உயரம்கூட இல்லாத ஒருத்தி வானத்திலிருந்து வந்து இறங்கினாள். பாராசூட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராகப் போய் டீ வாங்கிக் குடித்தாள். அவள் அந்த டீயைக் குடித்த விதம்தான் என்னைக் கெடுத்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தை முதல் குதிக்குக் கட்டினேன். இரண்டு பயிற்சியாளர்கள் இரு பக்கமும் என்னைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். காற்று முகத்தில் அறைந்ததில் மூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. மணிக்கட்டில் உயரம் காட்டும் கடிகாரம் ஒன்று கட்டியிருப்பார்கள். அதை அடிக்கடி பார்க்க வேண்டும். பார்த்து, உரிய உயரத்தில் கயிற்றை இழுக்க வேண்டும். நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பயிற்சியாளர்தான் பாராசூட்டை விரித்துவிட்டார். தரைக்கு வந்ததும், "இது கணக்கில் வராது, மறுபடியும் குதிக்கணும்" என்றார். குதி கணக்கில் வராதாம், கட்டின பணம் மட்டும் கணக்கில் வந்துவிட்டதாம்.

வேறு வழியில்லாமல் அப்பாவிடம் கேட்டேன். வீட்டில் அதுவரை, ஏரோபிளேன் சம்பந்தமான ஒரு கோர்ஸ் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அன்று எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போன் செய்தேன். அப்பா மோட்டார் கொட்டகையில் இருந்தார். பாராசூட், பயிற்சி எல்லாம் சொன்னேன். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்கவில்லை, பாதி எனக்குக் கேட்கவில்லை.

"எட்டு குதிப்பா. அதுக்கு கொறைஞ்சா முடியாது" என்று கத்தினேன்.

"எட்டா?"

"ஆமாம்பா. எனக்கு வேற எதுவும் வேணாம். கல்யாணத்துக்கு நகைகூட வேணாம். இந்த எட்டு மட்டும் பணமா குடுத்துடு."

"சரி பாப்பா, பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். மகள் ஏரோபிளேனிலிருந்து குதிக்கப் போகிறாள் என்று கேட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்பேர்ப்பட்ட அப்பா என்று ஹாஸ்டல் முழுவதும் பெருமை அடித்துக்கொண்டேன்.

எட்டு குதிக்கும் போதுமான பணம் மூன்றாவது வாரம் வந்தது. கரும்புப் பணம் வந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் குறையும், ஆனால் திரும்பத் தரமாட்டோம் என்றார்கள். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அவ்வளவையும் கட்டிவிட்டு மறுபடி குதிக்கத் தொடங்கினேன். இம்முறை கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான்கு குதி முடிந்திருந்தபோது அப்பா போன் செய்தார். "ஒரு கையெழுத்து போடணும், வந்துட்டு போ பாப்பா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பேங்கில் கல்விக்கடன் ஏதாவது கேட்டிருப்பார் என்று நினைத்துக் கிளம்பி வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவளை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராகப் பத்திரம் எழுதுபவரிடம் போனார். அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெள்ளை வேட்டியில் காத்திருந்தார்.

பத்திரம் எழுதுபவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எல்லை எல்லாம் சொல்லி, "ஆகக் குழி எட்டு" என்று நிறுத்தினார். அது ரோட்டை ஒட்டிய எங்கள் கரும்பு நிலம்.

எங்கள் பக்கம் நிலத்தைக் குழிக் கணக்கில்தான் சொல்வார்கள். நூறு குழி ஒரு காணி. எங்களுக்கு மொத்தமே அறுபது குழி, அதில் விலை போகிற இடம் அந்த ரோட்டோரம் மட்டும்தான்.

"எதுக்குப்பா நெலத்த விக்கற?" என்றேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "நீதான கேட்ட? எட்டு குயி" என்றார்.

குழியை நாங்கள் குயி என்றுதான் சொல்வோம். ஜம்ப் என்று இங்கிலீஷிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அப்பாவுக்குப் புரியட்டும் என்று தமிழில் சொல்லப்போய் வந்த வினை.

"குயி இல்லப்பா. குதி. ஏரோபிளேன்லேர்ந்து பாராசூட்டு கட்டிகினு குதிக்கறது. எட்டு தரம் குதிக்கணும்னு சொன்னேன். ஒரு குயி வித்தாகூட மிச்சம் வரும்பா."

அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "குதிச்சிட்டியா?"

"நாலு முடிஞ்சிது."

"காலு கையி நல்லா கீதா?"

"கீதுப்பா. இத வேணாம்னு சொல்லிடுப்பா."

"நா அனுப்பனது இவரு குடுத்த அட்வான்ஸு. கட்டன துட்டு திரும்பி வருமா?"

"வராதுப்பா" என்றேன்.

வேட்டிக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் அந்த இடத்தை நம்பி மகனுக்கு வீடு கட்ட நாள் குறித்திருந்தார். "பூர்வீக சொத்து, பொண்ணும் கையெழுத்து போட்டாதான் எனக்கு நிம்மதி" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா முதலில் போட்டார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். வாங்கி நானும் போட்டேன். பதிவு அலுவலகத்தில், முழுச் சம்மதத்தோடுதான் கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

வெளியே வந்ததும் அப்பா எதிரிலிருந்த டிபன் கடைக்குள் நுழைந்தார். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் ஒரு செட் பூரி சொன்னார். அதைச் சாப்பிட்டு முடித்து இன்னொரு செட் சொன்னார். இந்த மனிதர் ஒரு மாதமாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறார் என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். நிலத்தைத் தொலைத்த நாளில் மனிதருக்கு இப்படிப் பசிக்குமா? எனக்குப் பயமாகவே இருந்தது. திட்டுவார், இரண்டு அறைகூட விடுவார் என்று காத்திருந்தேன்.

"என்ன திட்டுப்பா" என்றேன்.

அப்பா பூரியைப் பிய்த்து மசாலாவில் தோய்த்தார்.

"நகை வேணாம், எட்டு குடுத்துடுன்னியா? பங்க பிரிச்சி வாங்கிகினு நீ இனிமே வூட்டு பக்கமே வரமாட்டன்னு நெனச்சிட்டேன். நா இன்னா தப்பு பண்ணேன்னு தெனம் யோசன பண்ணிகினு கெடந்தேன்." தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ பங்கு கேக்கல இல்ல? அப்ப எட்டு குயி போனா போவட்டும். உனக்கு ஒரு செட்டு சொல்லட்டா?"