அத்தை பொறுக்கி எடுத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்கு முதல் காரணம் பெரியப்பாவின் வயிற்றெரிச்சல்.

குமாரபாளையத்தில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து விசைத்தறிக் கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் சைசிங் மில் வைத்திருந்தார். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் கொடுக்கிற மில் அது. எண்பதுகளின் கடைசியில் அவர் மெட்ராசிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்து, ஆபீசுக்குள் கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. போட்டு, அதில் குடிவைத்தார். பார்க்கப் போகிறவர்கள் வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். பெரியப்பாவும் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் குழம்பில் உப்பில்லை என்றார். தறி ஓட்டுகிறவர்களில் ஒருவனுக்கும் பொறுப்பில்லை என்றார். கடைசியில் அப்பாவிடம், "அவனுக்குக் கணக்குப் போட வராது, அதான் மிஷின் வாங்கிட்டான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அடுத்த வாரமே, "நம்மளும் ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்று கேட்டார்.

அம்மாவின் கணக்கு வேறு. அம்மாவின் தம்பி, என் மாமா, பெங்களூரில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டுகிற ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமாகாமல் எங்கள் வீட்டில் இருந்தாள். இரண்டையும் முடிச்சுப்போட அம்மா ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையிடம் கேட்கும்போதெல்லாம் அத்தை "பாக்கலாமுங்க" என்பாள். ஆகவே, ரெடிமேடாக வாங்குவது தண்டம், பார்ட்ஸாக வாங்கித் தம்பியை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்று அம்மா பெரியப்பா காதில் போட்டாள். பூட்டியதை ஓட்டுவதற்கு அத்தையை விட்டால் ஆள் இல்லை. அவள் பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு, சேலம் அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தாள். தறிக்கூடத்துக் கூலிக் கணக்கும் நூல் கணக்கும் ஏற்கெனவே அவள் கையில்தான் இருந்தன.

இதில் யாரும் என்னைக் கேட்கவில்லை. அத்தை என்னுடையவள். எனக்குத் தலை பின்னுவது அவள், வாய்ப்பாடு சொல்லித் தருவது அவள், அவள்மேல் காலைப் போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவளுடைய டிரங்குப் பெட்டியை இஷ்டம்போல் திறந்து கவிழ்ப்பேன். நான் மட்டுமல்ல, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் புடவை வேண்டுமென்றாலும் அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்கள். கல்லூரித் தோழிகள் அவளுக்குப் போடும் கடிதங்களைப் பெரியப்பா வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சும்மாதான் எழுதியிருக்குது" என்று அவளிடம் கொடுப்பார். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. அத்தையும் ஒன்றும் சொன்னதில்லை.

மாமா வந்து போகத் தொடங்கியதிலிருந்து அத்தையின் வாயில் புதுப்புது வார்த்தைகள் வந்தன. மதர்போர்டு என்றாள், எஸ்.எம்.பி.எஸ். என்றாள். தறி எல்லாம் ஒன்றாக ஓடினால் கரண்ட் ஏறி இறங்கும், அதற்கு எந்த ஸ்டெபிலைசர் தாங்கும் என்று மாமாவிடம் அரை மணி நேரம் பேசினாள். கூடத்திலிருந்து பறந்து வரும் பஞ்சுத் தூசியை என்ன செய்வது என்று இன்னொரு அரை மணி. அவர்கள் பேசும்போது நான் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன். இருவரும் என் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள். தலை பின்னும்போது வலிக்கிறது என்று வேண்டுமென்றே கத்துவேன்.

பார்ட்ஸ் வாங்க அத்தையும் மாமாவும் பெங்களூர் போவதென்று ஆனபோது, என்னையும் கூட்டிப் போகச் சொன்னார் அப்பா. வீட்டில் அத்தனை பேர் இருக்க, ஐந்தாவது படிக்கிற என்னைத் தேர்ந்தெடுத்தார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியப்பாவின் மூன்று பையன்களும் பொறாமையில் வெந்தார்கள். "ரெண்டு பேருக்கும் நடுவாலயே இரு சாமி, அக்கட்ட இக்கட்ட போயிராத" என்று அம்மா சொல்லி அனுப்பியதை, நான் தொலைந்து போகாமல் இருப்பதற்கான புத்திமதி என்றே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்தேன். யாரும் சொல்லாவிட்டாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

பெங்களூரில் மாமாவுக்குப் பழக்கமான கடை ஒரு சந்துக்குள் இருந்தது. புடவைக் கடையில்கூட அத்தை அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. கீபோர்டுகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்த விரல்கள். கடைக்காரர் ஐந்தாவது கீபோர்டை எடுத்து வைத்ததும் பெருமூச்சு விட்டார். அத்தை ஆறாவதைக் கேட்டாள்.

மானிட்டரில் எழுத்து பச்சையாகத் தெரிகிற ஒன்றும், மஞ்சளாகத் தெரிகிற ஒன்றும் இருந்தன. "பச்சைதானுங்க கண்ணுக்கு நல்லது" என்ற மாமா, என்னைச் சமாதானப்படுத்துகிற எண்ணத்திலோ என்னவோ, "நீ சொல்லு சாமி, எது வேணும்?" என்றார்.

"மஞ்சள்" என்றேன். அவர் மஞ்சள் நல்லது என்றிருந்தால் பச்சை என்றிருப்பேன்.

"அப்ப மஞ்சளே எடுத்துக்கலாமுங்க" என்றாள் அத்தை. அன்றைக்கு மாமாவை நான் ஜெயித்தது அந்த ஓர் இடத்தில்தான்.

பிறகு ஓட்டலில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது ஒரு வாக்குவாதம் வந்தது. பெட்டியைப் பூட்டினால் மட்டும் போதாது, அதை நடத்துவதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்றை அதற்குள் ஏற்ற வேண்டும், அது எது என்பதுதான் பேச்சு.

"டாஸ் போதுமுங்க" என்றார் மாமா. "ரெண்டு ஃபிளாப்பி இருந்தா ஓடிரும். இங்க எல்லாரும் அதுதான் போடறாங்க."

"அதுல யார் வந்து உக்காந்தாலும் எல்லாத்தையும் தொறந்து பாக்கலாமுங்களே?"

"பாத்தா என்னங்க? நூல் கணக்கும் கூலிக் கணக்குந்தானே?"

அத்தை காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஆறிப்போன காபி அது.

"அஸ்தம்பட்டியில நாங்க படிச்ச மிஷின் அப்படியில்லீங்க. போய் உக்காந்ததும் பேர் கேக்கும். அப்பறம் ஒரு ரகசிய வார்த்தை கேக்கும். அதச் சொன்னாத்தான் உள்ள உடும். அவங்கவங்க வெச்சது அவங்கவங்களுக்கு."

"அது யூனிக்ஸுங்க, பெரிய கம்பெனிக்காரங்க வெக்கறது. அந்த மாதிரியே சின்னதா ஒண்ணு நம்ம மிஷினுக்கும் இருக்குது. ஆனா அதுக்கு ஹார்டு டிஸ்க் வேணும். மெதுவாத்தான் ஓடும். ஒருத்தர் உக்காந்து கணக்குப் போடற பொட்டிக்கு அது எதுக்குங்க?"

"எங்க ஊட்ல பத்துப் பேர் இருக்கறமுங்க" என்றாள் அத்தை.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அத்தையைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தது எனக்குப் பிடிக்காததால் இன்னொரு வடை கேட்டேன். வடை வந்தபோது அவர், "சரிங்க, அதையே போட்டரலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி எதிர்த்துப் பேசவே இல்லை. ஹார்டு டிஸ்க்கை அத்தையே மடியில் வைத்துக்கொண்டு ஊர்வரை வந்தாள். வழக்கமாக நான் படுத்துக்கொள்ளும் மடி.

ஊரில் இந்தக் கதையைக் கேட்டு அம்மா உருகிப்போனாள். "பத்துப் பேருக்கும் சேத்தி யோசிக்கறா பாருங்க, வேற யாருக்கு இந்தக் குணம் வரும்?" என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பெரியப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"மாப்ள, அந்த சைசிங் மில்லுக்காரன் மிஷின் இப்படிப் பேர் கேக்குமா?"

"கேக்காதுங்க."

பெரியப்பாவுக்கு அன்றிலிருந்து குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

நெல் மூட்டை அடுக்குகிற உள்ளறையைக் காலி செய்து, ஜன்னலுக்கு இரட்டைத் துணி கட்டி, அங்கே மாமா கம்ப்யூட்டரைப் பூட்டினார். வரிசையாகக் கால் முளைத்த சின்னச் சின்ன மெமரிச் சில்லுகளை அத்தை எடுத்துத் தர, மாமா கட்டை விரலால் அமுக்கிப் பதித்தார். ஸ்குரூவை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். மாமா என்னிடம் ஒன்றைக் கொடுத்தார். அதை அத்தை கேட்டால்தான் தருவேன் என்று உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டேன். முடிவில் பெட்டி உயிர்பெற்று, மஞ்சள் எழுத்தில் பெயர் கேட்டது. வீடே கைதட்டியது.

எல்லாருக்கும் ஒரு பெயரும் ரகசிய வார்த்தையும் வைத்தார்கள். பெரியப்பா தன் ரகசிய வார்த்தையை, "முருகான்னு போடு!" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். அப்பாவுடையது அவருடைய ஸ்கூட்டர் நம்பர். என்னுடையதை என் வகுப்பு முழுவதும் அறியும். கைக்குழந்தையான என் தம்பிக்கும்கூட ஒரு வார்த்தை இருந்தது. அத்தையுடையது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் கணக்கு வேலை முடிந்ததும் அத்தை தன் பெயரைப் போட்டு உள்ளே போவாள். கடகடவென்று எதையோ அடித்துக்கொண்டிருப்பாள். நான் கதவருகில் வந்தால் திரை வெறும் பெயர் கேட்கிற திரையாகிவிடும். பின்னால் நின்று அவள் விரலைக் கவனித்துப் பார்த்தேன். மின்னல் மாதிரி ஓடிய விரல்களில் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் நேராகவே கேட்டேன்.

"எங்கிட்டக்கூடச் சொல்ல மாட்டியா அத்தை?"

"சொல்ல மாட்டேன் சாமி."

"எதுக்கு?"

"வேற என்ன வேணுமின்னாலும் கேளு, தாரேன். இது வேண்டாம்."

அத்தை எனக்கு இல்லை என்று சொன்ன முதல் விஷயம் அது. அன்றைக்கு அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். நிச்சயம் அதை மாமாவிடம் மட்டும் சொல்லியிருப்பாள் என்று தோன்றியதும் அழுகையாக வந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு மாமா வந்தார். காவிரிக்குப் போய் வந்து எல்லாரும் உள்ளறையில் உட்கார்ந்திருந்தபோது அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "மாமா, அத்தையோட ரகசிய வார்த்தை உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?"

"எனக்கும் தெரியாது சாமி" என்றார் மாமா. நான் நம்பவில்லை.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதென்ன யாருக்கும் தெரியாத ரகசியம்? அப்படி என்னம்மா வெச்சிருக்கற அதுக்குள்ள?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா, சும்மா எழுதி வெச்சதுதான்."

"சும்மான்னா காட்டறதுக்கு என்ன?" என்றார் அப்பா. "நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிட்டா மிஷினை யார் தொறக்கறது?"

அதற்கு மாமா, எல்லாப் பெயருக்கும் மேலே தலைமைப் பெயர் ஒன்று உண்டென்றும், அதில் நுழைந்தால் யார் வைத்ததையும் பார்த்துவிடலாம் என்றும், மிஷினைப் பூட்டியபோது அதன் ரகசிய வார்த்தையைத் தானே போட்டதாகவும் சொன்னார். அத்தை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அப்ப சாவி உங்க கையிலதான் இருக்குது" என்று பெரியப்பா சிரித்தார். "தொறங்க மாப்ள, என்னதான் இருக்குதுன்னு பாத்தரலாம்."

மாமா போய் உட்கார்ந்து ஏதோ அடித்தார். எனக்குக் கொண்டாட்டமாகவும் இருந்தது, இவருக்கு இது முடிகிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது. அவர் எழுந்தார். அத்தையிடம் நாற்காலியை நகர்த்தினார்.

"தலைமைப் பேரோட வார்த்தையை மாத்தறதுக்குக் கேக்குதுங்க. உங்களுக்குப் புடிச்சதைப் போட்டுக்குங்க. ரெண்டு வாட்டி அடிக்கோணும்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சுவரில் ஒன்றும் இல்லை. ஒரு ஆணிகூட இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். அத்தை உட்கார்ந்தாள். விரல்கள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின.

"ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"இப்ப சாவி யார்கிட்ட மாப்ள?" என்றார் பெரியப்பா.

"அவங்ககிட்டத்தானுங்க. உங்க கணக்கெல்லாம் உங்க பேர்லயே இருக்குது, அது எங்கயும் போகாதுங்க."

பெரியப்பா எழுந்து போய்விட்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களைத்தான் அப்படிச் சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்கள். அத்தை மாமாவைத் தண்டித்துவிட்டாள், அவர் கையிலிருந்த சாவியையும் பிடுங்கிக்கொண்டாள் என்று பெரியப்பாவின் பையன்களிடமும் தறிக்கூடத்திலும் போய்ச் சொன்னேன். இனி அவர் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா, பழக்கதோஷத்தில், அத்தையிடம் கல்யாணப் பேச்சை எடுத்தாள். அத்தை பூக்கட்டிக்கொண்டே "சரிங்க" என்றாள். அம்மாவுக்கே சரியாகக் காதில் விழவில்லை. மறுபடி கேட்டாள். அத்தை மறுபடியும் "சரிங்க" என்றாள்.

தை மாதம் கல்யாணம். சுவரைப் பார்த்து நிற்க வைத்த ஒருவரை எதற்காகக் கட்டிக்கொள்கிறாள் என்று எனக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. அத்தையோடு காலமெல்லாம் இருக்கப்போகிற மாமாவை நினைக்க, என் பொறாமை கொஞ்சம் கொஞ்சமாகப் பரிதாபமாக மாறியது. மணவறையில் அவர் பக்கத்தில் போய் நின்று, "அத்தைக்குக் கோவம் வந்தா உங்களை மறுபடியும் சொவுத்தப் பாத்து நிக்க வெச்சிருவாங்க, சூதானமா இருங்க" என்று காதில் சொன்னேன்.

மாமா அதை அப்படியே அத்தையிடம் சொன்னார். அத்தை தலையை மாலைக்குள் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணில் நீர் இருந்தது. அவரைத் தண்டித்ததற்கு வருத்தப்படுகிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, நான் பந்திக்கு இடம் பிடிக்க ஓடினேன்.