யாரும் உடைக்காத கிண்ணம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது எனக்கு நடந்தது. நேரம் முதற்கொண்டு நினைவிருக்கிறது, மறக்கத்தான் முடியவில்லை.

ஓசாகாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை பக்கத்துக் கோயில் வளாகத்தில் பழைய சாமான் சந்தை கூடும். யாரோ கழித்துக்கட்டியதைக் கிளறிப் பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை 8.15. நீலத் தார்ப்பாயில் கடை விரித்திருந்த ஒருவனிடம் ஒரு சோற்றுக் கிண்ணத்தை எடுத்தேன். அடியில் மையால் ‘யோஷிசோ’ என்று பெயர் எழுதியிருந்தது.

“யாரோடது?”

“அப்பாவோடது. இனிமே அவருக்கு வேண்டாம்.”

என் முகத்தைப் பார்க்காமலே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். பாவம், அப்பா போய்விட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். சாவி போட்டு வைக்க ஆகும் என்று வாசலருகே அலமாரியில் வைத்தேன்.

அன்று மாலை 6.30. டிக்... டிக்... சாப்பிடும் குச்சியால் கிண்ணத்தைத் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை, அதே 6.30. டிக்... டிக்... ஓடிப் போய்ப் பார்த்தால் அதில் போட்டிருந்த சாவி வெளியே கிடக்கிறது. கிண்ணத்தின் உள்ளே ஈரம். யாரோ நக்கியது போல...

சனிக்கிழமை, தட்டலோடு ஒரு குரல். வயதான குரல்.

“சோறு...”

ஞாயிறு மதியம், கீழ்வீட்டில் முடி வெட்டும் கடை வைத்திருக்கும் ஹட்சுவே-சானிடம் கிண்ணத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

“சந்தைல கிடைச்சா பேயையும் கட்டித் தூக்கிட்டு வந்துடுவியா நீ?” என்று திட்டினாள். பிறகு அவள் முகம் மாறிவிட்டது.

“ஒருத்தர் செத்தா, பொணத்தை எடுக்கறப்பவே அவரு கிண்ணத்தை வாசல்ல உடைச்சிடுவோம். ‘உனக்கு இங்க இனிமே சோறு கிடையாது, திரும்பி வராதே’ன்னு அர்த்தம். இதை யாரும் உடைக்கல பாரு. அதான் சுத்துது. போய் உடைச்சுத் தொலை.”

மாலை 6.30.

டிக்... டிக்... டிக்...

“சோறு... கொஞ்சம்...”

குக்கரில் சோறு இருந்தது. ஒரு கரண்டி வைக்கலாமா என்று தோன்றியது. பயம் விடவில்லை.

6.40. கிண்ணத்தை எடுத்தேன். வாசற்படியில் ஓங்கி அடித்து உடைத்தேன்.

“உனக்கு இங்க சோறு இல்ல! போ!”

சத்தம் நின்றது.

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சியில் அந்தச் சந்தைக்காரன் முகம். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. பெற்ற அப்பாவை மாடியறையில் பூட்டிப் போட்டு, பத்து நாள் சோறு கொடுக்காமல் சாகவிட்டானாம். அவர் பெயர் யோஷிசோ. வயது எண்பத்திரண்டு.

நான் கிண்ணம் வாங்கிய காலையில் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

மகன் போலீசிடம் சொன்னதை அப்படியே வாசித்தார்கள். தினமும் ஆறரைக்குச் சோறு கேட்டுக் கதவைத் தட்டுவாராம். ஞாயிற்றுக்கிழமையும் தட்டினாராம். ஆறு நாற்பதுக்குத் தட்டிக்கொண்டிருந்தவர், பாதியிலேயே நிறுத்திவிட்டாராம்.