அந்தோணியாருக்குப் போன மெழுகுவர்த்தி

எங்கள் லயத்தில் தொலைந்துபோன எதையும் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பு முழுவதும் புனித அந்தோணியாரிடம் இருந்தது. லயம் என்றால் சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்ற தொழிலாளர் வீடுகள். அங்கிருந்து இறங்கினால் ரோட்டு வளைவில் அந்தோணியாரின் குருசடி, சின்னக் கோயில். கண்ணாடிக் கூண்டுக்குள் குழந்தை இயேசுவை ஏந்திக்கொண்டு, மழையோ பனியோ, ஒரே முகத்தோடு நிற்பார். அம்மாவின் மூக்குத்தி தொலைந்தபோது அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். அரிசிப் பானைக்குள் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஆடு காணாமல் போனபோதும் ஏற்றினார்கள். பூப்பாறைப் பக்கம் யாரோ பிடித்துக் கட்டி வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. ஆடு வந்து சேர்ந்தது, கழுத்து மணி வரவில்லை. மணிக்கென்று யாரும் தனியாக வேண்டிக்கொள்ளவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இத்தனை கெட்டிக்காரருக்கு என் பெரியப்பாவை மட்டும் ஏன் கண்டுபிடிக்கத் தெரியவில்லை? ஒன்பது வயதில் என் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான்.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. அம்மாவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கப்பலேறித் திரும்பியபோது, கல்யாணமாகிவிட்ட பெரியம்மா அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு சண்டை வந்தது. சண்டை முடிந்த நாள்களில், சீருடை போட்டவர்கள் பெரியப்பாவை விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியம்மா கண்ணெதிரே ஏறியவர்தான். அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத பெரியம்மா கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பகலெல்லாம் அம்மாவோடு ஏலக்காய் எடுக்கப் போவாள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேலை விட்டு நேராகக் குருசடிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

அவளிடம் பெரியப்பாவின் படம் ஒன்று இருந்தது. சட்டம் போட்டது. அது சுவரில் மாட்டியிருந்த மற்றப் படங்களோடு சேராமல் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. சுவரில் இருந்த தாத்தாவுக்கு மாலையும் சிவப்பு பல்பும் உண்டு; பெரியப்பாவுக்கு இரண்டும் இல்லை. அவருக்குப் பதிலாகப் பயணம் இருந்தது. வருஷத்தில் சில நாள் பெரியம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு மதுரைக்கோ சென்னைக்கோ போவாள். இவளைப் போலவே படம் வைத்திருக்கும் பெண்கள் அங்கே கூடி நின்று, 'எங்கள் ஆள்கள் எங்கே?' என்று கேட்பார்களாம். படத்தில் இருக்கும் ஆள் என்னைவிட அதிகம் ஊர் சுற்றுவது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அப்படிப் படம் வைத்திருந்த ஒருத்தி எங்கள் வீட்டுக்கே வந்தாள். நேபாளத்துக்காரி. கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல சென்னையிலிருந்து ஓர் அக்கா. பல நாடுகளில் இப்படி ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடிப் பார்த்து, தனியாகக் கேட்பவர்களைச் சேர்ந்து கேட்க வைப்பதுதான் இவர்கள் வேலை என்று அந்த அக்கா சொன்னாள். நேபாளத்துக்காரியும் பையிலிருந்து தன் புருஷன் படத்தை எடுத்தாள். அதற்கும் மாலை இல்லை. பெரியம்மா அந்தப் படத்தை வாங்கி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். நேபாளத்துக்காரி பெரியப்பாவைத் தன் சால்வையால் துடைத்தாள். இரண்டு பேரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டே போக, சென்னை அக்கா மாற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டு டீயைக் குடித்தாள். என்னதான் புரிந்துகொள்கிறார்கள் என்று நான் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, அங்கன இலங்கையில இருக்க ஆபீஸ்ல மரணப் பத்திரம் தாரோம்னுதான சொல்றாக. வாங்கிட்டு, பங்குச் சாமிட்ட சொல்லி ஒரு பூசை வச்சா ஒனக்கும் மனசு ஆறும்ல."

பெரியம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்றும் குரல் உயரவில்லை.

"செத்துட்டாகன்னு நான் கையெழுத்துப் போட்டா, கொண்டுபோனவுக கிட்ட யாரு போயி கேக்கது? கேள்வியே முடிஞ்சு போகும்ல."

அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, அது நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளில்தான் வெளியே வந்தது.

கல்லறைத் திருநாள் எங்களுக்குப் பெரிய நாள். தோட்டத்துக் கல்லறைகளையெல்லாம் வெள்ளையடித்து, பூப்போட்டு, சாயங்காலம் ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. வேறு ஊரில் செத்து, கல்லறை இங்கே இல்லாதவர்களுக்கெல்லாம் அதன் காலடியில்தான் ஏற்ற வேண்டும். அம்மாவுக்கு அன்று ஏகப்பட்ட மவுசு. பனியில் எல்லார் தீப்பெட்டியும் நமத்துப்போக, அவள் மட்டும் தன்னுடையதைப் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி இடுப்பில் சொருகியிருப்பாள். ஆளாளுக்கு அவளிடம் வந்து நிற்பார்கள்.

பெரியம்மாவும் வந்து தன் அப்பாவின் கல்லறையில் ஏற்றுவாள். பெரிய சிலுவைப் பக்கம் மட்டும் போகமாட்டாள்.

அன்று நான் சிலுவையடியில் உருகி வழிந்த மெழுகை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்தாள். தூரத்து ஊட்டுவால் மலையில் செத்த சின்னத் தாத்தாவுக்கு ஒன்று ஏற்றினாள். அதோடு போக வேண்டியவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்துச் சிலுவையின் பின்பக்கம் மறைவாக ஏற்றினாள். எங்கள் வீட்டில் வெளியூரில் செத்தவர் சின்னத் தாத்தா ஒருத்தர்தான். பின்னே இது யாருக்கு?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், மனதில் கேள்வி வந்தால் வாய் அதற்கு முன்னாலேயே திறந்திருக்கும்.

"ஏம்மா, பின்னால வச்சது பெரியப்பாவுக்கா?"

அம்மா என் வாயைப் பொத்தினாள். சத்தம் முந்திக்கொண்டது. பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். தாத்தா கல்லறையடியில் முழங்காலிட்டிருந்த பெரியம்மா எழுந்து வந்தாள்.

அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது. பெரியம்மா ஊதி அணைக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் குனிந்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை அடியோடு பெயர்த்துக் கையில் எடுத்தாள்.

"இது எடம் மாறி வந்துருச்சு," என்றாள் அம்மாவிடம். பிறகு என்னைப் பார்த்து, "வாடி, காத்துக்கு மறைச்சுப் பிடி."

கல்லறைத் தோட்டத்திலிருந்து குருசடிக்கு ஏலச்செடிகளுக்கு ஊடே இறக்கம். பெரியம்மா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தேன். உருகிய மெழுகு அவள் விரலில் வழிந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நல்ல சமயம் என்று என் பழைய கேள்வியை எடுத்துவிட்டேன்.

"அந்தோணியாரு ஆட்டக் கண்டுபிடிச்சாருல்ல. பெரியப்பாவ மட்டும் ஏன் பெரியம்மா கண்டுபிடிக்கல?"

"ஆடு தானா வழி தப்பிப் போச்சு. பெரியப்பா தப்பிப் போகலடி, ஏத்திட்டுப் போனாக. எங்க எறக்கி விட்டோம்னு ஏத்துனவனுக்குத் தெரியும். அவன் வாயத் தெறக்க வைங்க சாமின்னுதான் நான் கேட்டுட்டு இருக்கேன்."

அவன் யார், அவன் வாய் திறக்க மெழுகுவர்த்தி போதுமா என்றெல்லாம் எனக்கு அடுத்தடுத்துக் கேள்விகள் இருந்தன. பாதை வழுக்கியதால் கேட்கவில்லை.

பின்பக்கமாக நடந்ததால் பெரியம்மாவின் தோளுக்கு மேலே பாதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி அம்மா வந்துகொண்டிருந்தாள். வீடு போனதும் என் முதுகுத் தோல் உரியப் போவது நிச்சயம் என்று தெரிந்துகொண்டேன். வளைவில் காற்று ஒரு அடி அடித்தது. சுடர் நீலமாகிப் படுத்துவிட்டது. அம்மா ஓட்டமாக நெருங்கி வந்தாள். சுடர் மறுபடி நிமிர்ந்ததும் நின்று, பழையபடி பின்தங்கிக்கொண்டாள்.

பெரியம்மா குருசடிப் படியில் மெழுகைச் சொட்டவிட்டு மெழுகுவர்த்தியை ஊன்றி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். அம்மா ரோட்டைத் தாண்டி வரவில்லை. எதிர்ப்புறமே நின்றாள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து வெளியே எடுத்த தீப்பெட்டி அவள் கையில் இருந்தது.

இப்போதும் பெரியம்மா கேட்பதை நிறுத்தவில்லை. முட்டி வலி வந்துவிட்டதால் கூட்டங்களுக்குப் பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலையாகிவிட்டது. அன்றைக்கு அம்மா என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பிறகு எதற்காக அவ்வளவு தூரம் பின்னாலேயே வந்தாள் என்று வெகுநாள் யோசித்தேன். பெரியப்பா செத்துவிட்டார் என்றே நம்பிய அம்மா, வழியில் அந்த மெழுகுவர்த்தி அணைந்துபோனால் திரும்ப ஏற்றிக் கொடுக்கத்தான் வந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.