இஸ்ரேல் அண்ணாச்சியின் வாசல் மணி

இது நடந்தது. சங்கரன்கோவிலில், போன ஆவணி மாதம், பட்டப்பகலில் நடந்தது. கதை கட்டுகிற திறமை இருந்தால் நான் ஏன் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். முழுதும் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

என் பெயர் மிஸ்ரியா. கடையநல்லூர்க்காரி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின், விசைத்தறி, எதன் போர்டு போனாலும் சரி செய்வேன். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் வீட்டு டிவியும் என்னிடம்தான் வருகிறது.

கடை பிடித்தது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். அதற்கு முன் அங்கே இஸ்ரேல் என்ற ரேடியோ மெக்கானிக் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்தக் கடைக்குள்ளேயே, ஸ்டூலில் உட்கார்ந்தபடி போய்விட்டார். அப்புறம் வந்தவர்கள் யாரும் ஒரு மாதம் தாண்டவில்லை. கட்டடத்துக்காரர் சுடலைமணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இழுத்தார்.

"ஏம்மா, மூணு பேரு காலி பண்ணிட்டு ஓடிட்டானுவ. அவரு இன்னும் இங்கனதான் இருக்காருங்கானுவ. யோசிச்சுக்கோ."

"இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. சாவியக் கொடுங்க."

அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அவருடைய மேஜை, ஸ்டூல், பழைய உதிரிப் பாகங்கள் நிறைந்த இழுப்பறை, எல்லாம் அப்படியே எனக்கு வந்தன. வாசலுக்கு மேல் அவர் கையாலேயே செய்த ஒரு மணியும் இருந்தது. சின்ன மரப்பெட்டி, பக்கத்தில் ஓர் ஒளிக்கண். யாராவது படியைத் தாண்டினால் 'ட்ரீய்ங்' என்று ஒரு தடவை அடிக்கும். ஏழு மாதமாக நன்றாகவே அடித்தது. நன்றாக ஓடுகிற பொருளை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். டிரான்சிஸ்டர் என்பது ஒரு கதவு. மணலில் இருந்து எடுத்த சிலிக்கான், மூன்று கால், அவ்வளவுதான். ஒரு காலில் துளி கரண்ட் கொடுத்தால் கதவு திறந்து பெரிய கரண்ட் ஓடும். கொடுக்காவிட்டால் மூடிக்கொள்ளும். இஸ்ரேல் அண்ணாச்சி காலத்து ரேடியோவில் ஆறோ ஏழோ இருந்தது. உங்கள் கையில் இருக்கும் போனில் பல நூறு கோடி இருக்கிறது. எத்தனை இருந்தாலும் குணம் ஒன்றுதான். தானாகத் திறக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. மதியம் 1:50க்கு என்னுடன் படித்த ஹஸ்னா பானு ஓடி வந்தாள். கையில் ஒரு போர்டு. அவள் வாப்பாவுக்கு மூச்சு கொடுக்கிற ஆக்ஸிஜன் மிஷினுடையது.

"மிஸ்ரியா, காலையில கரண்ட் போறதுக்கு முந்தியே நின்னு போச்சுட்டி. இப்ப சிலிண்டர்ல இருக்காக. அது ஆறு மணி வரைக்கும்தான் வரும், வேற சிலிண்டரும் கிடைக்கல. நெல்லைக்குக் கொண்டு போனா வழியில தாங்க மாட்டாகன்னு டாக்டர் சொல்லுதாரு."

"ஆறுக்குள்ள ஓடும். நீ போய் வாப்பா பக்கத்துல இரு."

அவளை அனுப்பினேன். போர்டைச் சோதித்தேன். காற்று வால்வை இயக்கும் டிரான்சிஸ்டர் எரிந்திருந்தது. அதன் ரகம் பிடி 139. சாதாரணமாகக் கிடைக்கிற பார்ட். என்னிடம் தீர்ந்துவிட்டது. சந்தையில் இரண்டு கடை, இரண்டிலும் இல்லை என்று போனில் சொன்னார்கள். இழுப்பறை ஞாபகம் வந்தது. திறந்தேன். ஒரு கவரில் பத்து பிடி 139 புத்தம் புதிதாகக் கிடந்தது.

'ட்ரீய்ங்.'

மணி 2:10. திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.

கரண்ட்தான் இல்லையே, எப்படி அடித்தது? உள்ளே பேட்டரி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு டிரான்சிஸ்டரை மீட்டரில் சோதித்தேன். நன்றாகவே காட்டியது. போர்டில் செருகினேன்.

'ட்ரீய்ங்.' 2:26.

வெயிலோ நிழலோ பட்டு ஒளிக்கண் ஏமாந்திருக்கும். எழுந்து போய் அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். இனி அதற்குக் கண் தெரியாது. பேட்டரியில் ஓடும் சால்டரிங் அயனை அப்போதுதான் போட்டேன். அது சூடேற நேரம் பிடிக்கும்.

ஈயம் உருகும் வாசனை வந்தது. அந்தப் புகை வாசனை எனக்கு அத்தர் மாதிரி பழக்கம். சந்தேகமே இல்லை.

என் அயன் இன்னும் சூடேறவில்லை... தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

வாசனை மேஜைக்கு எதிர்ப்புறம் இருந்து வந்தது. அவருடைய ஸ்டூல் இருக்கும் பக்கம்.

பொய் சொல்ல மாட்டேன், எழுந்துவிடத்தான் தோன்றியது. ஆனால் எழவில்லை. ஹஸ்னாவின் வாப்பா மூச்சுக்கு ஏங்கும்போது நான் ஓடவா? 2:52. அயன் சூடேறிவிட்டது. முனையை டிரான்சிஸ்டரின் காலுக்குக் கொண்டு போனேன்.

'ட்ரீய்ங்.'

எடுத்தேன். நின்றது.

மறுபடி கொண்டு போனேன்.

'ட்ரீய்ங்... ட்ரீய்ங்...'

எடுத்தேன்... நின்றது.

வைத்தேன்.

'ட்ரீய்ய்ய்ய்ய்ய்...'

நிற்கவே இல்லை.

"அண்ணாச்சி!" என்று கத்திவிட்டேன். "நீங்க யாரா வேணா இருங்க! ஒரு உசுரு ஊசலாடுது. நான் போக மாட்டேன். என்னன்னு சொல்லுங்க, இல்ல வாய மூடிட்டு இருங்க!"

நின்றது. அந்த அமைதி மணியை விட மோசமாக இருந்தது.

கோபம் தலைக்கேறியது. செருகிய டிரான்சிஸ்டரைப் பிடுங்கி, ஆத்திரத்தில் குறடால் நசுக்கினேன். உடைந்தது. உள்ளே பார்த்தேன்.

எள்ளளவாவது இருக்க வேண்டிய சிலிக்கான் சில்லு, ஒரு மணல் துகள் அளவுக்கு இருந்தது. டூப்ளிகேட்! மீட்டரை ஏமாற்றும். மிஷினில் போட்டால் சூடு தாங்காமல் கொஞ்ச நேரத்தில் வெடிக்கும். இன்னும் இரண்டை உடைத்தேன். அவையும் அப்படியே.

கடையில் பாட்டு கேட்க வைத்திருந்த என் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்தேன். அதில் ஒரு நல்ல பிடி 139 இருந்தது. எடுத்துப் போர்டில் வைத்து ஈயம் வைத்தேன். மணி மூச்சு விடவில்லை. 4:35க்கு வேலை முடிந்தது. கரண்ட் வந்தது 5:05க்கு. நானே போய் மாட்டினேன். மிஷின் ஓடியது. ஹஸ்னாவின் வாப்பா இன்றைக்கும் பள்ளிவாசலுக்கு முன்னால் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பனவடலிசத்திரம் போய் இஸ்ரேல் அண்ணாச்சியின் மனைவி சுந்தரபாயைப் பார்த்தேன். உடைந்த டிரான்சிஸ்டரைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் சொன்னார்.

"சிவகிரில ஒருத்தருக்கு இதே மாதிரி மூச்சு மிஷினு ரிப்பேர் பாத்துக் கொடுத்தாக. ரெண்டு மணி நேரத்துல நின்னுட்டுன்னு போன் வந்துச்சு. பார்ட்டு டூப்ளிகேட்டுன்னு அப்பதான் அவுகளுக்குத் தெரிஞ்சுது. கடையில நல்லது வேற இல்ல. வாசல் மணியப் பிரிச்சு, அதுல இருந்ததப் பிடுங்கிக்கிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புனாக. படியத் தாண்டல, மறுபடி போன். ஆளு போயிட்டாராம். திரும்பி வந்து ஸ்டூல்ல உக்காந்தவுகதான்... எந்திரிக்கல."

உள்ளே போய் ஒரு காகித மடிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். "சட்டப் பையில இருந்துச்சு. எறிய மனசு வரல."

பிடி 139. கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்தது.

"அம்மா, அப்ப அந்த மணி...?"

"எந்த மணி? அவுக போன அன்னையில இருந்து அது எப்படிம்மா அடிக்கும்?"

சாயங்காலம் கடைக்கு வந்ததும் மரப்பெட்டியின் நாலு திருகையும் கழற்றினேன். துருப்பிடித்திருந்தன. உள்ளே பேட்டரி இல்லை. போர்டில் டிரான்சிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஓட்டைகள். வெறும் ஓட்டைகள்.

அந்த ஒரு நாள் மட்டும் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். ஏழு மாதம்... படியேறிய ஒவ்வொரு ஆளுக்கும் அது அடித்திருக்கிறது. நானும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து "வாங்க" என்றிருக்கிறேன்.

சுடலைமணி அண்ணாச்சி இப்போதும் கேட்கிறார், காலி பண்ணுகிறாயா என்று. மாட்டேன். இது என் கடை. அந்த இழுப்பறையைத்தான் காலி செய்தேன். அவர் பையில் இருந்த டிரான்சிஸ்டரை மணியில் திரும்பப் போடவும் இல்லை. போட்டால், அடிப்பது கரண்டா அவரா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

நேற்று மாலை 4:10க்கு அடித்தது. வாசலில் யாரும் இல்லை. "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பார்ட்டை எடுத்துக் குறடால் உடைத்துப் பார்த்தேன்.

டூப்ளிகேட்.