முதுகு சிவந்த கிடா

புது நோட்டைத் திறந்தால் மற்ற பிள்ளைகளுக்குத் தாள் வாசம் வரும். எனக்கு மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாசம்தான் வரும். கோவில்பட்டியில் அம்மா வேலை பார்த்த அச்சகத்தில் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள் தாள்கள்தான் எங்கள் வீட்டில் நோட்டுக்கு அட்டை, அலமாரிக்கு விரிப்பு, காராச்சேவு மடிக்கிற காகிதம் எல்லாம். தாள் முழுக்க வரிசை வரிசையாகக் கறுப்புக் கிடாக்கள் கொம்பைத் தாழ்த்தி முட்டுவதற்கு நிற்கும். நான் பையிலிருந்து நோட்டை எடுத்ததுமே, "ஏட்டி, ஆட்டுக்கிடை மறிச்சாச்சா?" என்று வகுப்பில் கேலி தொடங்கிவிடும்.

அம்மாவுக்குச் 'சீட் பார்க்கிற' வேலை. மிஷினிலிருந்து இறங்கிய தாள்களை விசிறி போல விரித்து மடமடவென்று தள்ளிக்கொண்டே வந்து, நிறம் பிசகிய தாளை மட்டும் சட்டென்று உருவி எடுத்துவிடுவாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "உறுத்துச்சு" என்பாள், அவ்வளவுதான். வீடு வீடாகத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த தெருவில் அவள் ஒருத்திதான் கண்ணை நம்பிச் சம்பளம் வாங்கினாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கிடாவின் கறுப்பு உண்மையில் கறுப்பே அல்ல. கறுப்பு மைக்கென்று தனியாக ஒருமுறை மிஷின் ஓட்டினால் கட்டுப்படியாகாது என்பதால், முதலில் ஒரு சிவப்புக் கிடாவை அச்சடித்து, அதன் தலைமேலேயே ஒரு நீலக் கிடாவையும் இறக்குவார்கள். இரண்டும் சேர்ந்து கருகருவென்று நிற்கும். ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று அச்சாகப் பொருந்துவதற்கு அங்கே 'ரிஜிஸ்டர்' என்று பெயர். மயிரிழை விலகினாலும் கிடாவின் முதுகில் சிவப்பும் வயிற்றில் நீலமும் எட்டிப்பார்த்துவிடும்.

நான் எட்டாவது படித்த வருடம், அச்சகத்து முதலாளி மதுரைக்குப் போனவர் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சியான அவர் நல்ல மனிதர்தான், ஆனால் கைக்குப் புதுச்சாமான் ஒன்று வந்துவிட்டால் நாலு நாளைக்கு யாரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டார். கண்ணாடியின் நடுவில் டியூப்லைட் வெள்ளையாக விழுந்து மறைக்கிறதென்று, எப்போதும் அதை ஒருபக்கமாகச் சாய்த்து ஓரத்தின் வழியாகவே பார்த்தார். பார்த்தவர் அம்மாவைக் கூப்பிட்டார். கிடாவுக்கு முதுகெல்லாம் சிவந்து கிடக்கிறது, இதைப் போய் நல்ல தாள் என்று எப்படி அனுப்பினாய் என்று கேட்டார். அம்மா வெறுங்கண்ணால் பார்த்தாள், கிடா கறுப்பாக இருந்தது. அவர் சாய்த்தது போலவே சாய்த்துக் கண்ணாடி வழியே பார்த்தாள், முதுகில் சிவப்பாக ஒரு நூல் ஓடியது. பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி பொய் சொல்லும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

மிஷின் ஓட்டும் பால்சாமி அண்ணன் நீலக் கிடாவை அச்சடிக்கிற பிளேட்டைக் கொஞ்சம் தள்ளினார். தாளைக் கொண்டுபோய்க் காட்டினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். கடைசியில் அண்ணாச்சியின் கண்ணாடிக்குள் கிடா மைபோலக் கறுத்து நின்றது. ஆனால் அந்தத் தாள்கள் அம்மாவின் மேசைக்கு வந்தபோது, அவள் வெறுங்கண்ணுக்கு அத்தனை கிடாவும் முதுகு சிவந்து தெரிந்தன. உறுத்துகிறது என்று போய்ச் சொன்னாள். அண்ணாச்சி கோபப்படவில்லை, கண்ணாடியை நீட்டினார். அதில் சிவப்பே இல்லை.

"கண்ணு அலுத்துப் போச்சும்மா. இந்த லோடு போகட்டும், பேசாம ஒட்டுத வேலைக்குப் போயிரு. நான் வேற பிள்ளயப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர் அதைக் கனிவாகச் சொன்னதுதான் அம்மாவை அதிகம் குலைத்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு என் நோட்டு அட்டைகளையே உற்றுப் பார்ப்பாள். பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்து, எதில் சிவப்பு தெரிகிறது என்று என்னைக் கேட்பாள். புதுத் தாளில்தான் தெரிகிறது என்று நான் உள்ளதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ, கோளாறு எனக்கும் வந்துவிட்டது என்று பயந்துபோனாள். அன்றிலிருந்து தினம் முருங்கைக்கீரை, இல்லாவிட்டால் பொன்னாங்கண்ணி. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

கயத்தாற்றுப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அந்த லோடு, ஏற்றிப்போன வேனிலேயே திரும்பி வந்தது. கிடா எப்போதிருந்து சிவப்புச் சட்டை போடுகிறது என்று அங்கே பெட்டி ஒட்டும் பெண்களே சிரித்தார்களாம். அத்தனை பேருக்குமா கண் அலுத்துப் போயிருக்கும்?

அந்த வாரமே அச்சகத்துக்குப் பிளேட் செய்துதருகிறவர் சிவகாசியிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய மடக்கு லென்ஸ் ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, இரண்டு தாளையும் பார்க்கச் சொன்னார். பழைய தாளில் கொம்பு நுனிவரை, லென்ஸின் ஓரம்வரை கறுப்பு சுத்தமாக இருந்தது. புதுத் தாளில் முதுகு சிவப்பு. அம்மா லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாள் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதை என்னிடம் சொல்லும்போதெல்லாம், அழுததை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இந்தச் சின்னக் கண்ணாடிக்கு மட்டும் ஏன் நிறம் பிசகவில்லை என்று அம்மா கேட்டதற்கு, இது ஒரு கண்ணாடி இல்லை, இரண்டு கண்ணாடியை ஒட்டிச் செய்தது என்றார் பிளேட்காரர். ஒன்று நிறத்தை ஒருபக்கம் தள்ளும், மற்றது அதே அளவு மறுபக்கம் தள்ளும் என்றார்.

"அப்பம் நான் செஞ்ச கோளாறத்தான இந்த லென்ஸச் செஞ்சவனும் செஞ்சிருக்கான்!" என்றார் பால்சாமி அண்ணன்.

கல்லூரியில் ஒளியியல் படித்தபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று வியந்துபோனேன். குவிந்த கண்ணாடி ஒளியை வளைக்கும்போது நீலத்தைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. அதனால் ஓரத்தில் பார்த்தால் சிவப்புக் கிடாவும் நீலக் கிடாவும் விலகித் தெரியும். பால்சாமி அண்ணன் தாளில் எதிர்ப்பக்கம் விலக்கி அதை ஈடுகட்டினார். லென்ஸ் செய்கிறவர்களோ குவிந்த கண்ணாடியோடு வேறு ஜாதிக் கண்ணாடியில் குழிந்த ஒன்றை ஒட்டி ஈடுகட்டுகிறார்கள். எதிர் எதிரானால் பெரிதாக்கும் சக்தியும் போய்விடாதா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. அந்த இரண்டாவது கண்ணாடி ஒளியைக் கொஞ்சமாகத்தான் வளைக்கும், நிறத்தை மட்டும் தாராளமாகச் சிதறடிக்கும். ஆகவே நிறப்பிசகு அநேகமாக அழிந்துபோக, பெரிதாக்கும் சக்தியில் பெரும்பங்கு மிஞ்சிவிடுகிறது. குறையே இல்லாத கண்ணாடிக்காகக் காத்திராமல், தன் கண்ணாடிக்குத் தோதான இன்னொரு குறையுள்ள கண்ணாடியைத் தேடிப்போன அந்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.

அண்ணாச்சி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதே மாதிரி மடக்கு லென்ஸ் ஒன்றை வரவழைத்து அம்மாவின் மேசையில் வைத்தார், வேறு பிள்ளையைப் பார்க்கிற பேச்சு அத்தோடு நின்றது. அம்மா முதலில் வெறுங்கண்ணால் பார்த்து முடிவு செய்துவிட்டு, பிறகுதான் லென்ஸை எடுப்பாள்.

இன்று அந்த அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. உள்ளே விற்கிற ஒவ்வொரு போனிலும் மிளகளவு லென்ஸ்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்துகொண்டு ஒன்றின் பிசகை மற்றொன்று சரிசெய்கின்றன. லேபிளையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். கறுப்புக்குக் கறுப்பு மையே ஊற்றுகிறார்கள். சிவப்பும் நீலமும் சேர்ந்து கறுத்த கிடா எங்கும் இல்லை.

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். நம் கண்ணும் நிறங்களை ஒரே இடத்தில் குவிப்பதில்லை. அதை வைத்தே அங்கே ஒரு சோதனை செய்கிறார்கள். பாதிச் சிவப்பு, பாதிப் பச்சை வெளிச்சத்தில் எழுத்துகளைக் காட்டி, எது தெளிவு என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் போட்டிருக்கும் பவர் சரி. பரிசோதித்த பெண் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியாக ஒருமுறை கேட்டாள். அம்மா அவசரப்படாமல் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு தாயி" என்றாள். பிறகு சற்று யோசித்து, "எங் கண்ணு சரியாத்தான் பாக்கும். எதுக்கும் ஒங்க கண்ணாடிய ஒருதரம் பாத்துக்கோங்க" என்றாள்.